மலைமருந்தும் வீட்டுச் சோறும்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவையும் கடக்கக் கடக்க வெயிலின் கடுமை தணிந்து, உடலுக்கு இதமான குளிர்ச்சி வந்து சேருகிறது. ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில், ஏரியும் காடும் சேர்ந்து பெயர் தந்த அந்தச் சிற்றூரை அடைந்ததும், சாலையோரக் கடைகள் நம்மை வரவேற்கின்றன. மிளகும் காப்பிக் கொட்டையும் மலைத்தேனும் ஒருபுறம். கொய்யாவும் பலாவும் பேரிக்காயும் மறுபுறம். அவற்றினிடையே, பழுப்பு நிற உரோமம் போர்த்த ஆட்டுக்கால் போன்ற ஒரு விசித்திரப் பொருள் குவித்து வைக்கப்பட்டிருக்கும். அதுதான் முடவாட்டுக்கால் கிழங்கு. பாறைகளிலும் மரங்களிலும் பற்றிப் படரும் ஒருவகைப் பெரணிச் செடியின் தண்டே அது. அதைத் தோல் சீவி, மிளகு சீரகத்துடன் சாறு வைத்துச் சுடச்சுடக் கொடுக்கிறார்கள்.

அந்தச் சாற்றைப் பருகினால் மூட்டுவலி போகும், சளி போகும், நோய் எதிர்ப்பு ஆற்றல் பெருகும் என்று சொல்லாத கடைக்காரர் இல்லை. சுற்றுலா வந்தவர்களும் நம்பிக்கையோடு வாங்கிப் பருகுகிறார்கள். பை நிறையக் கிழங்கும் கட்டிச் செல்கிறார்கள். இவ்வளவு எளிதில் உடல்நலம் கிடைத்துவிடுமா? மலை நமக்குத் தரும் உண்மையான மருந்து எது? இந்தக் கேள்விகளோடுதான் நாம் சேர்வராயன் மலையைச் சுற்றி வந்தோம்.

எம் வீட்டில் நடந்தது

முதலில் எம் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். 2020-ஆம் ஆண்டு, கொரோனாக் கொள்ளைநோய் நாட்டை அடைத்துப் போட்டிருந்த காலம். தமிழகமெங்கும் கபசுரக் குடிநீர் வழங்கப்பட்டது நினைவிருக்கலாம். எம் வீட்டிலும் அடுப்பில் கஷாயம் இறங்கிய நேரமே இல்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரவு படுக்குமுன் மற்றொன்று. போதாததற்கு, எதிர்ப்பு ஆற்றல் வளர்க்கும் என்று பெயர் எழுதிய மாவு டப்பாக்களும் அலமாரியில் அணிவகுத்தன.

இத்தனையையும் காய்ச்சி, வடிகட்டி, எல்லார் கையிலும் கொடுத்தவர் எம் இல்லத்தரசியார். சில மாதங்களில் அவருக்கே மூச்சு வாங்கத் தொடங்கியது. மாடிப்படி ஏற முடியவில்லை. கொரோனாவோ என்று அஞ்சிப் பரிசோதித்தோம். அதுவன்று, இரத்தசோகை. பெண்களுக்கு 12 கிராமேனும் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவருக்கு 8 கிராமாகக் குறைந்திருந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்பதே. விடை சொல்ல எமக்கு நாணமாயிருந்தது. எல்லாரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதே அவர் உணவு. முட்டை பிள்ளைகளுக்கு; மீன் நமக்கு; அவருக்கு இரசமும் ஊறுகாயும். வீட்டிற்கே கஷாயம் காய்ச்சியவரின் தட்டை நாம் ஒருநாளும் பார்க்கவில்லை.

இது எம் வீட்டு அவலம் மட்டுமன்று. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரண்டு பெண்களில் ஒருவர் என்றே கொள்ளலாம்.

உடலின் அரண்

நோய் எதிர்ப்பு ஆற்றல் என்பது ஒரு புட்டியில் அடைத்து விற்கும் பொருளன்று. இறைவன் நம் உடலில் அமைத்து வைத்த பல அடுக்குக் காவல் அது. தோலும், மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்புறத்தை மூடிய மென்படலமும் அதன் மதில்கள். எலும்பின் ஊனில் பிறந்து இரத்தத்தில் உலவும் வெள்ளையணுக்கள் அதன் வீரர்கள். ஒருமுறை கண்ட பகைவனை நினைவில் வைத்து அவனுக்கென்றே செய்யப்படும் எதிர்ப்புப் பொருள்கள் அதன் ஆயுதங்கள். தடுப்பூசி செய்வதும் இந்த நினைவை முன்கூட்டியே ஊட்டும் வேலையைத்தான்.

இந்த மதிலும் வீரரும் ஆயுதமும் எவற்றால் ஆனவை? நாம் உண்ணும் உணவால் ஆனவை. எதிர்ப்புப் பொருள்கள் யாவும் புரதமே. மென்படலம் சிதையாமலிருக்க வைட்டமின் 'ஏ' வேண்டும். வெள்ளையணுக்கள் பெருக இரும்பும் துத்தநாகமும் வேண்டும். அவை செவ்வனே தொழில் புரிய வைட்டமின் 'சி'யும் 'டி'யும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் காவல் தளர்கிறது. குறையை நிரப்பினால் காவல் மீள்கிறது. ஆனால் நிரம்பிய குடத்தில் மேலும் நீர் வார்ப்பதால் பயனில்லை. நல்ல உணவு உண்பவர் மேன்மேலும் பொடிகளை விழுங்குவதால் அவர் காவல் இருமடங்காகிவிடாது. அளவுமீறிச் சீறும் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்களும் உண்டென்பதை மறக்கலாகாது.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'எதைக் குடித்தால் ஆற்றல் ஏறும்?' என்பதன்று, 'நம் வீட்டில் யாருடைய தட்டில் எது குறைகிறது?' என்பதே.

மலைமக்களின் பழைய தட்டு

சேர்வராயன் மலையின் பழங்குடியினர் தங்களை மலையாளிகள் என்று அழைத்துக்கொள்கின்றனர். கேரள நாட்டு மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் தமிழ் பேசும் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் மலையேறி வந்ததாக வழிவழியாய்ச் சொல்லி வருபவர்கள். சேர்வராயன், கொல்லி, பச்சைமலை, கல்வராயன் முதலிய மலைகளில் இவர்கள் பரவி வாழ்கிறார்கள்.

இவர்களுடைய பழைய உணவு, சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தினையும். தொட்டுக்கொள்ள அவரை, மொச்சை, துவரை. மழை பெய்ததும் தானாய் முளைக்கும் பல வகைக் கீரை. காட்டில் கிடைத்த தேனும் கிழங்கும் கனியும். இதை வறியவர் உணவு என்று நாட்டார் இகழ்ந்ததுண்டு. ஆனால் அத்தட்டைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். தானியத்தோடு பயறு சேரும்போது ஒன்றில் குறையும் புரதக்கூறு மற்றொன்றால் நிறைகிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது; தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவே. தவிடு நீங்காத சிறுதானியத்தின் நார், குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது.

அத்தட்டு மாறிவிட்டது. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் துரை ஏற்காட்டில் காப்பிச் செடியை நட்டார் என்பது வரலாறு. காப்பித் தோட்டங்கள் பரவின. கொல்லிமலையில் சாமை விளைந்த நிலங்களில், சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி புகுந்தது. மரவள்ளி காசு தரும். ஆனால் அதில் மாவுச்சத்தன்றிப் புரதம் மிகக் குறைவு. நியாயவிலைக் கடை அரிசியும் மலையேறியது. 2011-ஆம் ஆண்டு முதல் அது விலையின்றியே கிடைக்கிறது. அதனால் பட்டினி ஒழிந்தது. அதற்கு நன்றி கூறவேண்டும். ஆயினும் வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு.

சாமையை விட்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. உரலிலிட்டு அதன் உமியை நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்களில் உமி நீக்கும் இயந்திரங்களை அமைக்க உதவியபோது, அந்தப் பெண்களின் சுமை குறைந்தது; சாமை மீண்டும் அடுப்பேற வழி பிறந்தது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழக அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. பழையது பழுதன்று என்பதை நாடு உணரத் தொடங்கியிருக்கிறது.

கனியும் காப்பியும்

ஏற்காட்டுச் சந்தையில் மலிவாய்க் கிடைக்கும் கொய்யாவைப் பலர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் 'சி' உண்டு. ஆரஞ்சில் உள்ளதைப்போல் இது நான்கு மடங்கு. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ ஏறத்தாழ 65 முதல் 80 மில்லிகிராம்தான். ஒரு சிறு கொய்யா போதும். நெல்லிக்கனியில் இச்சத்து கொய்யாவைவிடவும் மிகுதி. இவை சளியே வராமல் தடுக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இவற்றுக்கு மற்றொரு பெரும்பணி உண்டு. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. உடன் வைட்டமின் 'சி' சேர்ந்தால் ஏற்றுக்கொள்கிறது. முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிவதும், சோற்றோடு நெல்லிக்காய்த் துவையல் சேர்ப்பதும், உண்டபின் கொய்யாத் துண்டொன்று கடிப்பதும் சுவைக்காக மட்டுமல்ல.

இங்கே காப்பி மலையைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உணவோடோ உணவு முடிந்த உடனேயோ காப்பி, தேநீர் பருகினால், அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கிறது. ஏற்காட்டுக் காப்பியை நாமும் விரும்புகிறோம், விட்டுவிடச் சொல்லவில்லை. சாப்பாட்டிற்கும் காப்பிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட்டால் போதும். இரத்தசோகைக்கு மாத்திரை உண்ணும் தாய்மார் இதைச் சிறப்பாய்க் கவனிக்க வேண்டும்.

மிளகும் மஞ்சளும்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நட்ட சவுக்கமரங்களைத் தழுவி மிளகுக் கொடி ஏறியிருப்பதைக் காணலாம். சில்வர் ஓக் என்று அம்மரங்களை அழைக்கிறார்கள். மிளகையும் மஞ்சளையும் சேர்த்தே சமைத்த நம் பாட்டிமாரின் அறிவு வியக்கத்தக்கது. மஞ்சளின் சாரமான குர்க்குமின் தனியே உண்ணப்பட்டால் பெரும்பகுதி உடலில் சேராமலே போய்விடும். 1998-இல் பெங்களூர் தூய யோவான் மருத்துவக் கல்லூரியினர் வெளியிட்ட ஆய்வில், இரண்டு கிராம் குர்க்குமினுடன் 20 மில்லிகிராம் மிளகுச் சாரம் சேர்த்தபோது, அது இரத்தத்தில் சேரும் அளவு சுமார் இருபது மடங்கு உயர்ந்தது தெரியவந்தது.

ஆனால் உடலில் சேர்கிறது என்பதும் நோயைத் தீர்க்கிறது என்பதும் ஒன்றல்ல. மிளகின் சாரம் சில ஆங்கில மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டிவிடக்கூடும். எனவே இரசத்திலும் பாலிலும் சேரும் அளவோடு நிற்பதே நன்று. சமையலறை மருந்தகமாக வேண்டியதில்லை. நல்ல சமையலறையாயிருந்தாலே போதுமானது.

மூலிகைக்கும் எல்லையுண்டு

மூலிகைகளை நாம் தள்ளிவிடுகிறோம் என்று எண்ண வேண்டா. ஆடாதோடை இலையைச் சளிக்குக் கஷாயமிட்ட நம் முன்னோரின் அனுபவம் வீண்போகவில்லை. அவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றித்தான், சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை அறிவியலார் செய்தனர். தூதுவளை இரசமும் துளசி நீரும் சுக்கு மல்லிக் காப்பியும் தொண்டைக்கு இதம் தருவதை யார் மறுப்பார்? ஒரு வயது கடந்த குழந்தைகளின் இருமலுக்குத் தேன் நல்லது என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனைத் தொட்டும் வைக்கலாகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் நஞ்சு பச்சிளங்குழந்தையின் உயிருக்கே உலை வைக்கும்.

நிலவேம்பு முதல் மிளகு ஈறாக ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரை, 2012-இல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது தமிழக அரசே வழங்கியது. சித்த மருத்துவரின் சொற்படி அதைப் பருகுவோர் பருகலாம். எனினும் கர்ப்பிணிகள் நிலவேம்பையும் ஆடாதோடையையும் தாமாக உட்கொள்வது தகாது. சீந்தில் கொடியின் செய்தியும் நினைவிற்குரியது. 2020-இன் இறுதியில் அதைத் தொடர்ந்து உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பைக் கண்டதாக மும்பை மருத்துவர்கள் மறு ஆண்டில் அறிவித்தனர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, சீந்திலைப் போலவே தோன்றும் வேறு கொடியைப் பயன்படுத்தியிருக்கலாம் என்றது. எவர் கூற்று சரியாயினும், செடியை அறியாமலும் அளவை அறியாமலும் மாதக்கணக்கில் பருகலாகாது என்ற பாடம் இரண்டிலும் உண்டு.

இனி முடவாட்டுக்காலுக்கு வருவோம். அந்தச் சாறு குளிருக்கு இதமானது, சுவையும் உண்டு. ஆய்வுக்கூடங்களில் அதன் வீக்கம் தணிக்கும் குணத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் அது நோய்களையெல்லாம் விரட்டும் என்பதற்கு மனிதரிடம் நிறுவிய சான்றில்லை. அதன் தண்டு மெல்ல வளர்வது. பாறையிலிருந்து முழுதுமாய்ப் பெயர்த்தெடுத்தால் மறுபடி தழைக்க இடமில்லை. பயணிகள் பை பையாய் வாங்க வாங்க, மலைமக்கள் தம் தேவைக்கு எட்டிப் பறித்ததை இனி எட்டாத பாறைகளில் தேட நேரும்.

ஜார்கண்ட் தந்த சான்று

உணவு நோயைத் தடுக்கும் என்பதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்களுக்கு அண்மைக்கால ஆய்வொன்று விடையளிக்கிறது. ஜார்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில், 2019-ஆம் ஆண்டு தொடங்கி, 2,800 காசநோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேரை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தனர். நோயாளிகள் அனைவருக்கும் மருந்தோடு உணவுப்பொருளும் கிடைத்தது. குடும்பத்தினரில் ஒரு பிரிவாருக்கு மட்டும், ஆளொன்றுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் வைட்டமின் மாத்திரையும் வழங்கப்பட்டன. மூலிகையில்லை, விலையுயர்ந்த பொடியில்லை. அரிசியும் பருப்புந்தான்.

2023-இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. உணவு பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாய்க் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்திருந்தது. பிறருக்குத் தொற்றும் வகையான நுரையீரல் காசநோயோ 48 விழுக்காடு குறைந்தது. மங்களூர் மருத்துவர்கள் முன்னின்று, சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சேர்ந்து நடத்திய ஆய்வு இது. கைப்பிடிப் பருப்பு ஒரு தடுப்பு மருந்தாகும் என்று இதைவிடத் தெளிவாய் யார் சொல்ல இயலும்?

நம் பங்குகளிலும் காசநோய் கண்ட குடும்பங்கள் இல்லாமலில்லை. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் கஷாயத்தை நம்பிக் காலம் கடத்தாது, அரசு மருத்துவமனையில் சளியைப் பரிசோதிக்க வேண்டும். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். நோயாளியின் உணவுக்காக அரசு மாதம் 500 ரூபாயாக 2018 முதல் வழங்கிய தொகை, 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அண்டை வீட்டார் ஒரு படி பருப்பு கொடுத்தால் அது இன்னும் சிறக்கும்.

நம் வீட்டில் செய்யத்தக்கவை

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் புகட்டுங்கள். சில வீடுகளில் அதைக் கறந்து கொட்டிவிடும் வழக்கம் இன்னும் உண்டு. தாய் தன் எதிர்ப்புப் பொருள்களையெல்லாம் திரட்டிக் கொடுக்கும் முதல் அமுதம் அது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டா. தடுப்பூசிகளைத் தவணை தவறாமல் போட்டுவிடுங்கள்.

தினம் ஒரு கீரை, ஒரு பயறு, ஒரு பழம் என்று வகுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று வேளை அரிசிக்கு மாற்றாய்ச் சாமையோ கேழ்வரகோ சமையுங்கள். முட்டையும் சிறு மீனும் கருவாடும் வாங்க முடிந்தபோது, அவற்றைக் கணக்கிட்டு எல்லாருக்கும் பங்கிடுங்கள். கொல்லையில் முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை நடுங்கள். இடமில்லாதவர் ஒரு தொட்டியில் தூதுவளை வளர்க்கலாம். நல்ல உறக்கமும், சோப்பிட்டுக் கை கழுவுவதும், காய்ச்சிய நீரும் இவற்றோடு சேர்ந்த காவலர்கள். பொடி டப்பா வாங்க எடுத்த பணத்திற்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டில் கடைசியாய் உண்பவர் யார், அவர் தட்டில் என்ன விழுகிறது என்று பாருங்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது நாமும் வெறுங்கையோடு வரவில்லை. இரண்டு படி சாமை, ஒரு கூடை கொய்யா, நூறு கிராம் மிளகு. அன்றிரவு எம் வீட்டில் சாமைச் சோறும் பருப்பும் முருங்கைக்கீரையும். எம் இல்லத்தரசியார் வழக்கம்போல் பரிமாறக் கரண்டியை எடுத்தார். பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டு அவரை முதலில் அமர வைத்தார்கள். மறு பரிசோதனையில் அவருடைய ஹீமோகுளோபின் 11 கிராமாக ஏறியிருந்தது. மாத்திரைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் முதலில் விழுந்த அந்தத் தட்டுச் சோற்றிற்கும் பங்குண்டு என்றே நாம் நம்புகிறோம்.